கொசுவலைக்குள் ஒரு பூசணிக்கொடி

செல்லத்தாய் எத்தனையோ விஷயங்களுக்காகச் சாமியைக் கும்பிட்டிருக்கிறாள். புருஷனுக்கு வேலை நிரந்தரமாக வேண்டும், மகளுக்கு நல்ல இடம் அமைய வேண்டும், மாநகராட்சித் தண்ணீர் வருகிற அன்றைக்குக் கரண்ட் போகாமல் இருக்க வேண்டும். ஒரு பூசணிக்காய்க்காக நேர்ந்துகொள்ளும் காலம் வரும் என்று மட்டும் அவள் நினைத்ததில்லை. வந்தது. மகளின் தலைப்பிரசவமே அந்தக் காயை நம்பி நிற்கும்படியாக வந்தது.

எல்லாம் அவள் புருஷன் தாணுலிங்கம் ரிட்டயர் ஆனதிலிருந்து ஆரம்பித்தது. அவர் தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கைக் கயிறு போட்டுக் கட்டுகிறவர்களுக்கு மேற்பார்வையாளராக இருந்தவர். காற்றாலை இறக்கை, மரத்தடி, மிஷின் என்று எது கப்பலில் ஏறினாலும் அவர் முடிச்சை மீறி அசையாது. வீட்டிலும் அதே முடிச்சுதான். இரட்டைச் சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே விட்டு இழுத்து, அதன்மேல் இன்னொரு சுருக்கு. கேஸ் சிலிண்டரை பைக்கில் கட்டினாலும் அதுதான், கொடிக்கயிறு கட்டினாலும் அதுதான். மற்றவர்கள் அதை அவிழ்க்க முடியாது, அரிவாள்மனையைத்தான் தேட வேண்டும். மகள் முத்துச்செல்வியின் சீர்ப்பெட்டியை அவர் கையாலேயே கட்டி அனுப்பியதில், மாப்பிள்ளை வீட்டார் மறுநாள்தான் அதைத் திறந்தார்கள்.

ரிட்டயர் ஆன மனிதருக்கு வீட்டில் கட்டுவதற்கு எதுவும் மிச்சமில்லை. ஆகவே கொல்லையில் பூசணி போட்டார். தூத்துக்குடி மண்ணில் உப்பு, போர்த் தண்ணீரில் உப்பு, காற்றிலும் உப்பு. சம்பந்தி பாண்டியராஜன் அதைக் கேள்விப்பட்டு எட்டயபுரத்திலிருந்து ஒரு டெம்போ நிறையக் கரிசல் மண் அனுப்பிவைத்தார். அவருக்கு அங்கே காய்கறி மண்டி. தண்ணீருக்குத் தாணுலிங்கமே ஒரு வழி கண்டார். குடிப்பதற்கு வாங்கும் கேன் தண்ணீர் கொடிக்குப் போயிற்று. செல்லத்தாய் போர்த் தண்ணீரில் உலை வைத்தாள், உப்புப் போடுகிற வேலை மிச்சம் என்று சமாதானப்படுத்திக்கொண்டாள்.

கொடி நன்றாகவே படர்ந்தது. முதல் பிஞ்சு தெரிந்த அன்றைக்குத்தான், மகள் உண்டாகியிருக்கிறாள் என்ற சேதியோடு பாண்டியராஜன் கடலைமிட்டாய்ப் பெட்டியும் பூவுமாக வந்து இறங்கினார். சந்தோஷமாகப் பேசினார்கள், சந்தோஷமாகக் காப்பி குடித்தார்கள். அதோடு போயிருக்கலாம். தாணுலிங்கம் அவரைக் கொல்லைக்குக் கூட்டிப்போனார்.

பிஞ்சை விரல் நீட்டிக் காட்டக் கூடாது, காட்டினால் கண்பட்டு விழுந்துவிடும் என்பது இந்தச் சீமையில் பிறந்த எவருக்கும் தெரியும். காட்டித்தான் ஆக வேண்டுமென்றால் விரலை மடக்கி முட்டியால் காட்ட வேண்டும். கப்பல் கம்பெனியில் நாளெல்லாம் கம்ப்யூட்டர் தட்டுகிறவனும் வீட்டு முருங்கைப் பிஞ்சை முட்டியால்தான் காட்டுவான். பாண்டியராஜனுக்கும் தெரியும். ஆனால் தொழில் அப்படி. காயைக் கண்டால் எடை சொல்லாமல் அவரால் இருக்க முடியாது.

"சம்பந்தி, இது பத்து கிலோ தேறும்வே!" என்று ஆள்காட்டி விரலை நேராக நீட்டிச் சொல்லிவிட்டார்.

அந்த வாரமே பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்கிக் கீழே விழுந்தது. முதல் பிஞ்சுகள் விழுவது எந்தக் கொடியிலும் உள்ளதுதான். ஆனால் தாணுலிங்கம் அப்படி விட்டுவிடுகிற ஆளா? போனை எடுத்தார். அவருக்கு எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வரும், அதனால் அடுக்களையில் நின்ற செல்லத்தாய்க்கும் எல்லாம் கேட்டது.

"ஒண்ணும் நினைச்சுக்கிடாதீங்க சம்பந்தி. உங்க கண்ணு கொஞ்சம் கனத்த கண்ணு போலுக்கு. பிஞ்சு விழுந்துட்டு."

செல்லத்தாய் கரண்டியை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"என் கண்ணு பட்டுப் பிஞ்சு விழுந்துட்டுங்கேரு," என்றார் பாண்டியராஜன். "சரி. உம்ம மக என் வீட்டுலதானவே இருக்கா? தெனமும் அவ கையாலதான் காப்பி வாங்கிக் குடிக்கேன். அவ வயித்துல இருக்குற பிள்ளையையும் என் கண்ணு விடாதோ?"

"ஐயோ, நான் அப்படிச் சொல்லல..."

"அப்படித்தாம்வே சொன்னீரு. ஒண்ணு செய்வோம். அந்தக் கொடியில ஒரு காய் நின்னு விளையட்டும். என் கண்ணு பொல்லாத கண்ணு இல்லன்னு ஆவட்டும். அன்னைக்கு மருமகள நானே கூட்டிட்டு வந்து விடுதேன். இல்லன்னா தலைப்பிரசவம் இங்கனதான்."

போன் வைக்கப்பட்டது. செல்லத்தாய்க்குத் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வாய்க்கவில்லை. அவள் உண்டாவதற்கு முன்பே அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். மாமியார் வீட்டு அறையில், வலி வந்தபோது வாய்விட்டு "அம்மா" என்று கத்தக்கூட அவளுக்குக் கூச்சமாக இருந்தது. என் மகள் அப்படிப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கக் கூடாது என்று அன்றைக்கே நினைத்தவள் அவள். இப்போது அது ஒரு பூசணிக்காயில் வந்து மாட்டிக்கொண்டது.

"ஒரு வார்த்தை, தப்பாப் பேசிட்டேன்னு சொல்லிருங்களேன்."

"நான் என்னளா தப்பாப் பேசுனேன்? பிஞ்சு விழுந்தது பொய்யா?" என்றார் தாணுலிங்கம். "காய் வேணும்னாரு, அவ்வளவுதான? காய் வரும். இனி ஒருத்தன் கண்ணும் இந்தக் கொடியில படாது, பாத்துக்கோ."

மறுநாள் வீட்டிலிருந்த கொசுவலைகளெல்லாம் கொல்லைக்குப் போயின. பழைய கம்புகளை நட்டு, வலைகளை ஒன்றோடொன்று தைத்து, கொடி முழுவதையும் மூடிக் கட்டினார். நாலு பக்கமும் அவருடைய முடிச்சு. கொடிக்குக் கொசு கடிக்கவில்லை, வீட்டுக்குள் இருந்தவர்களுக்குக் கடித்தது. வலைக்கு வெளியே ஒரு பழைய செருப்பு, எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்த சரடு, நாக்கைத் துருத்தும் பூதத்தின் முகம் வரைந்த பானை. போதாததற்கு, 'என்னைப் பார் யோகம் வரும்' என்ற கழுதைப் படம் ஒன்று. யோகத்துக்காகக் கழுதையைப் பார்க்கிறவன் காயைப் பார்க்க மாட்டான் என்பது அவர் கணக்கு.

கொடியில் பூ பூத்தது. காலையில் மஞ்சளாக விரிந்து, வெயில் ஏறியதும் கூம்பியது. அடியில் குண்டுமணிபோலப் பிஞ்சோடு வந்த பூக்களும் இருந்தன. அவை ஒவ்வொன்றும் மஞ்சளாகி விழுந்தன. விடிந்ததும் ஒரு வண்டு வந்து வலையைச் சுற்றிச் சுற்றி ரீங்காரம் போட்டுவிட்டுப் போகும். செல்லத்தாய் அதைப் பார்த்திருக்கிறாள். பாவம், வழி தெரியாமல் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வாள்.

பிஞ்சு விழ விழ, தாணுலிங்கம் கண்களைத் தேடினார். கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவன் கொல்லைப் பக்கம் திரும்பினான் என்றார். தேங்காய் பறிக்க வந்தவன் மரத்து உச்சியிலிருந்து பார்த்துவிட்டான் என்றார். வாட்ஸ்அப்பில் வீட்டுத் தோட்டக்காரர்களின் குழு ஒன்றில் அவர் இருந்தார். போட்டோ போடுங்கள், என்ன நோய் என்று சொல்கிறோம் என்றார்கள். குழு முழுக்கக் கண், அங்கே போய் யார் போட்டோ போடுவார்கள்? அவர் வலைமேல் இன்னொரு வலை வாங்கிப் போட்டார்.

இதற்குள் மகளுக்கு மாதம் ஏறிக்கொண்டிருந்தது. எட்டயபுரத்தில் வளைகாப்பு நடந்தது. சம்பந்திகள் இருவரும் ஆளுக்கொரு தூணைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை சிவப்பிரகாஷ் நல்ல பிள்ளை, அதனால் எந்தப் பக்கமும் பேசாமல் வந்தவர்களுக்கெல்லாம் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தான். வழக்கப்படி அன்றைக்கே மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும். "காய் நின்னுட்டாவே?" என்று மட்டும் பாண்டியராஜன் கேட்டார். நிற்கவில்லை. தாணுலிங்கமும் செல்லத்தாயும் காலிக் காரில் திரும்பினார்கள்.

அடுத்த நாள் மகள் போன் செய்தாள். "மாமா நல்லாத்தாம்மா பாத்துக்கிடுதாவ. ஒரு குறையும் இல்ல," என்றாள். அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "ஆனா எனக்கு அங்கன வரணும்போல இருக்கும்மா."

செல்லத்தாய் போனை வைத்துவிட்டு நேராகத் தெருமுனையில் இருந்த தங்கப்பாண்டி அண்ணாச்சி கடைக்குப் போனாள்.

"ஒரு பூசணிக்காய் வேணும் அண்ணாச்சி. சின்னதா, பச்சையா, தேங்காய் அளவுக்கு."

"கூட்டுக்கா, பொரியலுக்கா?"

"பாக்கதுக்கு," என்றாள் செல்லத்தாய்.

மறுநாள் காலையில் தாணுலிங்கம் கடற்கரைப் பக்கம் நடக்கப் போனதும், அவள் வலையின் ஒரு ஓரத்தை மண்ணிலிருந்து தூக்கிக்கொண்டு உள்ளே தவழ்ந்து போனாள். பூக் கட்டுகிற வாழைநாரால் காயின் காம்பைக் கொடியோடு சேர்த்துக் கட்டினாள். இரண்டு பெரிய இலைகளை இழுத்து மேலே விட்டாள். வெளியே வந்து கையைக் கழுவிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள்போல இட்லி ஊற்றினாள். கப்பல் சரக்கின் முடிச்சைக் கண்ணாலேயே சோதித்த மனிதரை வாழைநாரால் ஏமாற்றப் பார்க்கிறோமே என்று இருந்தது.

"ஏளா! இங்க வா!" கொல்லையிலிருந்து சத்தம் வந்தது. போனாள். "விரல நீட்டிறாத!"

அவர் வலைக்கு வெளியே குந்தியிருந்தார். ரொம்ப நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, "நின்னுட்டு," என்றார்.

நின்ற காய் வளர்ந்தாக வேண்டும் அல்லவா? அதற்கும் அவள் வழி வைத்திருந்தாள். ஒரு வாரம் போனதும் தங்கப்பாண்டி கடைக்குப் போனாள். "அதவிடக் கொஞ்சம் பெருசா" என்றாள். அதற்கடுத்த வாரம், "இன்னுங் கொஞ்சம் பெருசா, லேசா மஞ்சள் ஓடியிருக்கணும்." பழைய காய் அவிழும், புதுக் காய் ஏறும். தங்கப்பாண்டி எதுவும் கேட்பதை விட்டுவிட்டார். இந்தம்மா வீட்டில் ஏதோ பரிகாரம் நடக்கிறது என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிவைத்தார்.

அவிழ்த்த காயைத் தூர எறிய அவளுக்கு மனசு வரவில்லை. நேற்றுவரை கொடியில் வளர்ந்தது இன்றைக்குப் புளிக்குழம்பாகித் தாணுலிங்கத்தின் தட்டில் விழுந்தது. அவர் சப்புக்கொட்டிச் சாப்பிட்டுவிட்டு, "கடைக்காய் கடைக்காய்தாம்ளா. நம்ம காய் விளையட்டும், அப்ப தெரியும் ருசி," என்பார்.

ஒருமுறை உருண்டைக் காய் கிடைக்காமல் நீளக் காயை வைத்துக் கட்டிவிட்டாள். அவர் வந்து பார்த்தார். "வளர வளர வடிவு மாறத்தான செய்யும்," என்று அவராகவே சொன்னார். இப்படியும் ஒரு மனுஷன் உண்டா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அன்று சாயங்காலமே அவர் முதல்முறையாகக் குழுவில் போட்டோ போட்டார். முன்னால் பெரிதாக எலுமிச்சம்பழம், பின்னால் ஓரமாகக் காயின் ஒரு பக்கம். குழுவே கைதட்டியது. என்ன உரம் என்று கேட்டவர்களுக்கு அவர் பதில் எழுதவில்லை.

கடைசியாக, கையில் அடங்காத ஒரு காயை ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தாள். "நேத்துதான் மண்டியில இருந்து இறங்குச்சு, முத்துன காய்," என்றார் தங்கப்பாண்டி. எந்த மண்டி என்று அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு வலைக்குள் தவழ்ந்ததில் முழங்கால் இரண்டும் தோல் உரிந்தது.

அன்று மத்தியானம் தாணுலிங்கம் போனை எடுத்தார். "சம்பந்தி, காய் நின்னுட்டு."

"கண்ணால பாக்கணும்."

"வாங்க."

வெள்ளிக்கிழமை காலையில் கார் வந்து நின்றது. கண்ணாடிக்கு உள்ளே முத்துச்செல்வி, கை நிறைய வளையலோடு, முகம் வீங்கி, வயிறு பெருத்து, பார்க்கவே அழகாக இருந்தாள். செல்லத்தாய் ஓடிப்போய்க் கதவில் கை வைத்தாள்.

"இருங்க தங்கச்சி," என்றார் பாண்டியராஜன். "மொதல்ல காயப் பாப்போம். அப்புறம் இறங்கட்டும்."

சிவப்பிரகாஷ் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகத் தெருவைப் பார்த்தான். காதில் எதுவும் விழாமலிருக்க ஏசியைக் கூட்டிவைத்தான். செல்லத்தாய்க்குக் கோபம் தலைக்கு ஏறியது. வயிற்றுப் பிள்ளைக்காரியை வெளியே காக்கவைத்துவிட்டுக் காய்கறி பார்க்கப் போகிறான்களே, இவன்களும் ஆம்பிளைகளா என்று இருந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. காரியம் ஆகட்டும்.

கொல்லையில் தாணுலிங்கம் முடிச்சுகளை அவிழ்த்து, வலையை முழுதாகச் சுருட்டி மதில்மேல் போட்டார். இலைகளுக்கு நடுவே காய் ராஜாமாதிரி உட்கார்ந்திருந்தது. பார்த்துவிட்டுப் போனால் போதும், நாம் அப்புறம் பறித்ததாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று செல்லத்தாய் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அந்தக் கணக்கில் புருஷனைச் சேர்க்கவில்லை.

"நீங்களே உங்க கையால பறிங்க சம்பந்தி," என்றார் தாணுலிங்கம்.

"அண்ணாச்சிக்கு எதுக்கு சிரமம், நான் பறிச்சுத் தாரேன்," என்று செல்லத்தாய் முன்னால் பாய்ந்தாள்.

"நீ சும்மா இருளா. அவரு பறிக்கட்டும்."

பாண்டியராஜன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொடிக்குள் இறங்கிக் குந்தினார். காம்புப் பக்கம் இலையை விலக்கினார். கை அப்படியே நின்றது. பிறகு காயைப் பக்கவாட்டில் உருட்டினார். அடிப்பக்கம் நீலச் சாக்கட்டியால் போட்ட ஒரு குறி, வட்டத்துக்குள் ஒரு பெருக்கல். செல்லத்தாய் அதைச் சம்பந்தம் பேசப் போன அன்றைக்கே எட்டயபுரம் மண்டியில் பார்த்திருக்கிறாள். அங்கே வந்து இறங்குகிற பெரிய காய்கள் எல்லாவற்றிலும் பாண்டியராஜன் தன் கையாலேயே போடுகிற குறி அது.

எல்லாம் முடிந்தது என்று அவள் நினைத்தாள். இனி மகள் காரோடு திரும்பிப் போவாள். எட்டயபுரம் வரை இந்த நாற்றம் நாறும்.

பாண்டியராஜன் தலையைத் தூக்கினார். அவளைப் பார்க்கவில்லை, தாணுலிங்கத்தைப் பார்த்தார். தாணுலிங்கம் தென்னைமரத்து உச்சியில் தேங்காய் எத்தனை என்று பார்த்துக்கொண்டிருந்தார். பாண்டியராஜன் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்து, காயில் மண்ணைத் துடைப்பவர்போல அடிப்பக்கத்தை அழுத்தித் துடைத்தார். "தங்கச்சி, கத்தி கொடுங்க," என்றார். காம்பை அறுத்து, இரண்டு கையாலும் காயைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"இந்த மாதிரிக் காய் என் மண்டிக்கே வந்ததில்லவே," என்றார்.

"எல்லாம் உங்க கண்ணு ராசிதான்," என்றார் தாணுலிங்கம், இன்னும் தேங்காயைப் பார்த்தபடி.

"ஏம்மா முத்து, இறங்கி வாம்மா!" என்று பாண்டியராஜன் வாசலைப் பார்த்துக் கூப்பிட்டார்.

அன்றைக்கு எல்லோருக்கும் அந்தக் காயில்தான் சமையல். நம் வீட்டுக் காய் என்றால் அது தனி ருசிதான் என்று தாணுலிங்கம் சொன்னார். ஆமா என்று பாண்டியராஜனும் சொல்லி, இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார். துண்டு முழுக்க நீலமாக இருந்தது. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

சாயங்காலம் கார் போன பிறகு, மகள் உள்ளே படுத்துத் தூங்கினாள். செல்லத்தாய் கொடியில் மிச்சமிருக்கும் வாழைநாரை யார் கண்ணிலும் படாமல் எடுத்துப்போடக் கொல்லைக்கு வந்தாள். நார் கொடியில் இல்லை. அறுந்து, காய்ந்து மண்ணில் கிடந்தது. அந்தப் பெரிய காயின் கனத்தை அது ஒரு நாள்கூடத் தாங்கியிருக்காது. கொடியில் அறுபட்ட காம்புத் துண்டு ஒன்று தொங்கியது. அதைப் பச்சை நைலான் கயிறு பிடித்துக்கொண்டிருந்தது. இரட்டைச் சுற்று, நுனி உள்ளே போய், மேலே இன்னொரு சுருக்கு.

அவள் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

இவருக்குத் தெரியும். அந்தத் தேங்காய் அளவுக் காயிலிருந்தே தெரியும். தெரிந்துதான் புளிக்குழம்பை வழித்துச் சாப்பிட்டிருக்கிறார், தெரிந்துதான் நீளக் காய்க்குக் காரணம் சொல்லியிருக்கிறார். நார் அறுந்து காய் சரிந்ததைப் பார்த்து, அவள் தூங்கும் நேரம் பார்த்து, தன் முடிச்சைப் போட்டிருக்கிறார். எல்லாம் தெரிந்துகொண்டு, நீங்களே பறிங்க சம்பந்தி என்று வீட்டு ரகசியத்தைச் சம்பந்தி கையிலேயே கொடுத்திருக்கிறார். தப்பாப் பேசிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வராத மனுஷன், அதை இப்படிக் கட்டிவைத்துச் சொல்லியிருக்கிறார். சம்பந்தியும் அது புரிந்துதான் குறியைத் துண்டால் துடைத்திருக்கிறார். இரண்டு கிழட்டுக் கோட்டிக்காரன்களுக்கு நடுவில் நான் முழங்காலை உரித்துக்கொண்டேனே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. புருஷன்மேல் சொல்லமுடியாத பிரியமும் வந்தது. கயிற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனாள்.

அவரிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து கேன் தண்ணீரில் உலை வைத்தாள். அவரும் கேட்கவில்லை.

மகள் வந்த பரபரப்பில் வலையைத் திரும்பப் போட எல்லோரும் மறந்துபோனார்கள். ஒருநாள் காலையில் கொல்லையில் நடந்துகொண்டிருந்த முத்துச்செல்வி, பூவுக்குள் வண்டு புரளுவதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"ஏம்ப்பா, வலைய மூடி வச்சா வண்டு எப்படிப்பா உள்ள போவும்? வண்டு போகாம காய் எப்படிப்பா பிடிக்கும்? நான் மூணு வருஷம் செடிகொடிப் படிப்புத்தான படிச்சேன், என்கிட்ட ஒருத்தரும் கேக்கலயே!"

"உன்னைய இங்கன கூட்டிட்டு வந்து கேக்கணும்னுதாம்மா இவ்வளவு பாடு," என்றார் தாணுலிங்கம். கொசுவலைகள் துவைத்து வீட்டுக்குள் வந்தன.

வலி கண்டபோது முத்துச்செல்வி தெருவுக்கே கேட்கும்படி "அம்மா" என்று கத்தினாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் கத்தினாள். செல்லத்தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "கத்துளா, நல்லாக் கத்து," என்றாள்.

பேத்தியைப் பார்க்கப் பாண்டியராஜன் கடலைமிட்டாய்ப் பெட்டியோடு வந்தார். குழந்தையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். காப்பி குடித்தார். கொல்லைப் பக்கம் கை கழுவப் போனவர், கொடியில் இலைக்கு அடியில் புதிதாகத் திரண்டிருந்த பிஞ்சைப் பார்த்துவிட்டார். அதைக் கட்டிப் பிடிக்க நாரும் இல்லை, கயிறும் இல்லை.

"சம்பந்தி, இது பன்னெண்டு கிலோ..." என்று விரலை நீட்டியவர், பாதியில் நினைவு வந்து சட்டென்று மடக்கிக்கொண்டார். அடுக்களை வாசலில் செல்லத்தாய் அப்படியே நின்றாள்.

தாணுலிங்கம் மெதுவாகப் பக்கத்தில் வந்தார். மடங்கிய அந்த விரலைப் பிடித்து நிமிர்த்தி, பிஞ்சுக்கு நேராக நீட்டிவைத்தார்.

"நல்லாப் பாத்துச் சொல்லும்வே," என்றார். "பன்னெண்டு பத்தாது."